மூன்றடியில் நின்ற குழி

இந்த ஆனியில் கல்லிடைக்குறிச்சிக்குப் போனேன். மணிமுத்தாறு அருவி ஒரு சாக்கு. மதுரையில் சோலார் பொருத்தும் வேலை எனக்கு. போன வருடம் நண்பர் சாகுல் பாயின் தோட்டத்தில் நான் நட்ட சோலார் கம்பத்தைப் படம் பிடித்து, இந்தப் பதிவில் போட்டுப் பெருமையடிக்க வேண்டும் என்பதுதான் நிஜம்.

திருநெல்வேலியில் காலை ஏழு மணி வாக்கில் செங்கோட்டை ரயில். டிக்கெட் பத்து ரூபாய், முக்கால் மணி நேரம். ஸ்டேஷனிலிருந்து தோட்டம் மூன்று கிலோமீட்டர், ஆட்டோவுக்கு நூறு ரூபாய். பாய் மேலப்பாளையத்துக்காரர். சவுதியில் பதினாறு வருடம் வண்டி ஓட்டிவிட்டு, இனிப் போவதில்லை என்று இங்கே மேட்டில் வாழை போட்டவர். வாய்க்கால் தண்ணீர் மேட்டுக்கு ஏறாது, கிணற்று மோட்டாரை நம்பித்தான் அத்தனையும். அந்த மோட்டாருக்காகத்தான் கீழே, வாய்க்கால் பாயும் வயலோரத்தில், நிழல் விழாத இடத்தில் அந்தக் கம்பம்.

கம்பம் படுத்துக் கிடந்தது. அடியில் நான் போட்ட கான்கிரீட், பிடுங்கிய பல்லின் வேர் மாதிரி முழுசாக ஒட்டியிருந்தது. மேட்டில் வாழையே இல்லை.

போன வருடம் சித்திரையில் குழி வெட்டினோம். கணக்குப்படி ஐந்தடி. வாய்க்கால் அடைத்திருந்த நேரம். வயல் காய்ந்து இறுகி, மூன்றடியிலேயே கடப்பாரை துள்ளியது.

"இன்னும் ரெண்டடி போவோமா வே? தண்ணி தொறந்தா இந்த மண்ணு கொழகொழன்னு ஆயிரும்" என்றார் பாய்.

"பாறை கணக்கா இருக்கு பாய், போதும்" என்றேன். மூன்று மணிக்கு மேல் அருவிக்கு விடமாட்டார்கள், அதற்குள் போயாக வேண்டும் எனக்கு. கான்கிரீட்டைக் கொட்டிவிட்டுக் கிளம்பிவிட்டேன். எவ்வளவு அலட்சியம்!

பாயின் மனைவி ஜைனப் அக்கா மோர் கொண்டுவந்தார். "போன ஆனியில தண்ணி தொறந்தாங்க, மண்ணு இளகிட்டு. ஒரு வாரம் பேய்க்காத்து. அடியோட சாஞ்சி, சோலார் பலகை எல்லாம் நொறுங்கிட்டு. வாழையும் காஞ்சு போச்சு."

"பாய் எங்கே?"

"திரும்ப சவுதிக்கே போயிட்டாவ. ரெண்டு வருஷ ஒப்பந்தம்."

"போன மாசம்கூட வாட்ஸ்அப்ல பேசினாரே! மோட்டார் நல்லா ஓடுதுன்னாரே?"

"உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னுட்டாவ. கூலி வாங்காம வந்து செஞ்ச தம்பி, மனசு ஒடஞ்சிரும்னு."

அருவிக்குப் போகவில்லை. கம்பம் நடப் போகிறவர்களுக்கு ஒன்றுதான் சொல்வேன். வயல் மண்ணைக் கோடையில் மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். பாசனக் காலத்தில் அது எப்படி இருக்கும் என்று அங்கேயே உழுகிறவரிடம் கேளுங்கள். கேட்டுவிட்டு, கணக்கில் வந்த ஆழம் முழுவதையும் வெட்டுங்கள். ஆனி, ஆடிக் காற்று கணவாய் வழியாக இறங்கும்போது பலகை கப்பல் பாய் மாதிரி காற்றை வாங்கும்.

அங்கிருந்தே பாய்க்குப் போன் போட்டேன். "தோட்டத்துலதான் நிக்கிறேன் பாய்" என்றேன்.

"அவ சொல்லிட்டாளா?" என்றார். பிறகு, "வெயில்ல நிக்காதீரும் வே. உள்ள போயி உக்காரும்."