புது லெப்டொப்பில் பழைய நேரம்

ஜோசியர் கடைக்குள் வருவதைக் கண்டதும் எழுந்து பின்னால் போய்விட்டேன். பயத்தில் இல்லை. கையில் ஸ்க்ரூ டிரைவர் இருந்தது.

ஹட்டன் பஸ் ஸ்டாண்டுக்கு மேலே ஒரு கொமியூனிகேஷன் கடையில் வேலை செய்கிறேன். போட்டோ கொப்பி எடுப்பேன், போனுக்குக் கண்ணாடி மாற்றுவேன், கம்ப்யூட்டருக்கு விண்டோஸ் போடுவேன். ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றுவிட்டது. திரையில் வரும் இங்கிலீஷ் பாதி புரியாது. எந்த இடத்தில் எது வரும், எதை அமுக்கினால் அடுத்து என்ன ஆகும் என்று பார்த்துப் பார்த்தே பழகியவன். ஆட்களிடம் பேசுவதுதான் எனக்குச் சிரமம். அதனால் முதலாளி முன்னால் நின்று பேசுவார், நான் உள்ளே இருப்பேன்.

ஜோசியர் எங்கள் தோட்டத்து மேல் டிவிஷன்காரர். சுற்றுவட்டத் தோட்டங்களில் எந்தக் கல்யாணத்துக்கும் அவர்தான் பொருத்தம் பார்ப்பார். கையால் கணக்குப் போட அவருக்குப் பொறுமை கிடையாது. இந்தியாவிலிருந்து வந்த ஜாதக சிடி ஒன்று வைத்திருந்தார். பிறந்த தேதி, நேரம், ஊர் மூன்றையும் கொடுத்தால் லெப்டொப் கட்டம் போட்டுக் காட்டும். அதில் வந்ததைச் சொல்வார். அவர் சொன்னால் சொன்னதுதான்.

என் மகளுக்கு ஒரு சம்பந்தம் வந்திருந்தது. லிந்துலைப் பக்கத்துப் பையன், தோட்டப் பள்ளிக்கூடத்தில் மாஸ்டர். இரண்டு பக்கமும் பிடித்துப்போய், வெற்றிலை மாற்ற வேண்டியதுதான் பாக்கி. பையனுடைய அம்மா என் மகள் பிறந்த தேதி, நேரம் எழுதிய ஜாதகக் குறிப்பை ஜோசியரிடம் கொண்டுபோனார். அவர் மாரியம்மன் கோயில் வாசலில் வைத்து, கூட்டத்தின் முன்னால் லெப்டொப்பைத் திருப்பிக் காட்டினார்.

"எட்டுல செவ்வாய். கட்டுறவன் உசுருக்கு ஆகாது."

நானும் அங்கே நின்றுகொண்டிருந்தேன். வாய் திறக்கவில்லை. வீட்டுக்கு வந்து மகளிடம் எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டே படியேறினேன். அவளுக்கு அதற்குள் தெரிந்திருந்தது. சுவரோடு சுவர் ஒட்டிய லயத்து வீடுகளில் செய்தி என்னைவிட வேகமாக நடக்கும்.

அடுத்த தை மாதம் அதே பையனுக்கு ஜோசியர் தன் மகளைக் கொடுத்தார். இரண்டு பெண்களும் ஒரே வகுப்பில் படித்தவர்கள். அதற்குப் பிறகு என் மகளைக் கேட்டு வந்தவர்கள் எல்லாம் முதலில் மேல் டிவிஷனுக்குப் போய் விசாரித்தார்கள், பிறகு எங்கள் வீட்டுப் பக்கம் வரவில்லை. புருஷனைக் கொல்லும் ஜாதகம் என்று பெயர் ஒட்டிக்கொண்டது. தையல் கடைக்கு வேலைக்குப் போய் வரும் வழியில்கூட அவளைக் காட்டிக் கிசுகிசுத்தார்கள். அந்தப் பெயர் போக வேண்டும். சொன்ன வாயே அதை எடுக்க வேண்டும். இதைத் தவிர எனக்கு வேறு வேண்டுதல் இருக்கவில்லை.

கடைக்கு வந்த ஜோசியர் முதலாளியிடம் பேசுவது கேட்டது.

"மருமகன் வாங்கிக் குடுத்ததுங்க, புத்தம் புதுசு. பழசுல கூரை ஒழுகி தண்ணி எறங்கிருச்சு. ஆனா நம்ம சிடி இதுல ஓட மாட்டேங்குது. பென் டிரைவ்ல ஏத்தியும் பாத்தாச்சு. பழைய விண்டோஸ் போட்டாதான் ஓடுமாம். நுவரெலியால கேட்ட எடமெல்லாம் ஏலாதுன்னுட்டாங்க."

"நம்ம ஆளு போடுவாரு" என்றார் முதலாளி.

ஜோசியர் எட்டிப் பார்த்தார். "அட, நம்ம தம்பியா! பழசெல்லாம் மனசுல வச்சுக்காதீங்க தம்பி. கிரகம் செய்யிறதுக்கு நான் என்னா பண்றது? தை பொறக்கப் போவுது, பொருத்தம் பாக்க வந்து குவிவாங்க. கொஞ்சம் சுருக்கா பாருங்க."

மருமகன் என்ற சொல்லை அவர் சொன்ன விதம் காதிலேயே நின்றது. லெப்டொப்பையும் சிடி ஏற்றிய பென் டிரைவையும் வாங்கிக்கொண்டேன்.

வீட்டுக்குக் கொண்டுவந்து கட்டிலுக்கு அடியில் தள்ளினேன். அங்கேயே கிடந்தது. அவர் எனக்குப் போன் எடுத்துக்கொண்டே இருந்தார்.

"என்னா தம்பி, முடிஞ்சிதா?"

"டிரைவர் கெடைக்கலங்க."

"எந்த டிரைவரு? ஆட்டோ அனுப்பவா?"

"அது இல்லங்க. உள்ளுக்குப் போடுற டிரைவரு."

ஒவ்வொரு தடவையும் போனை வைத்த பிறகு எனக்கு ஒரு தேத்தண்ணி குடித்த மாதிரி இருக்கும். தை பிறந்தது. மேல் டிவிஷனுக்குப் பொருத்தம் பார்க்க வந்தவர்கள் சும்மா திரும்பிப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டேன். என் பெண்சாதிக்குத்தான் பொறுக்கவில்லை.

"ஒன்னு செஞ்சு குடுங்க, இல்லாட்டி ஆத்துல போடுங்க. அந்த ஆளு சாமான எதுக்கு அடை காக்கிறீங்க?"

அப்போதுதான் வேறொரு யோசனை வந்தது. பழைய விண்டோஸைப் போட்டுக் கொடுத்து, உள்ளே ஒரு கோளாறையும் வைத்துவிடுவது. கூட்டத்தின் முன்னால் கட்டம் போடும்போது திரை நீலமாகி நின்றுபோக வேண்டும். அவரும் வாயடைத்து நிற்க வேண்டும், நான் நின்ற மாதிரி.

ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்தேன். புது மெஷின் பழையதை லேசில் உள்ளே விடாது. முதலில், எழும்பும்போதே ஒரு பொத்தானை அமுக்கி, புதியதைத் தவிர வேறு எதையும் ஏற்காத பூட்டை எடுத்துவிட வேண்டும். எடுத்தேன். பிறகு பென் டிரைவிலிருந்து விண்டோஸ் ஏழு எழும்பியது, மொழி கேட்டது. மவுஸ் அசையவில்லை. விசைகளைத் தட்டி அடுத்த படிக்குப் போனால், டிரைவர் இல்லை என்று நின்றுவிட்டது. அது வந்த காலத்தில் இந்த மாதிரி யூஎஸ்பி துளைகள் கிடையாது. தான் எந்தத் துளை வழியாக வந்ததோ அதையே அதற்கு அடையாளம் தெரியவில்லை. நான் ஜோசியரிடம் சொன்ன பொய் உண்மையாகிவிட்டது. மறுநாள் கடையில் வைத்து அந்த டிரைவர்களையும் சேர்த்து பென் டிரைவைப் புதிதாகத் தயாரித்து வந்தேன். இந்தத் தடவை கடைசிவரை ஓடியது. நாலு நிறக் கொடி வந்து ஒன்று சேர்ந்து மின்னியபோது, யாருடைய மெஷின் என்பதையே கொஞ்ச நேரம் மறந்துவிட்டேன்.

ஜாதக சிடியை ஏற்றினேன். கோளாறு வைப்பதற்கு முன் ஒழுங்காக ஓடுகிறதா என்று பார்க்க வேண்டுமே. யாருடைய ஜாதகத்தைப் போடுவது? என் மகளுடையதைப் போட்டேன். தேதி தெரியும். நேரத்துக்கு, குசினியில் லீக்ஸ் நறுக்கிக்கொண்டிருந்த பெண்சாதியைக் கேட்டேன். தோட்டத்து ஆஸ்பத்திரிக் கடிகாரத்தில் பார்த்ததைச் சொன்னாள். சொல்லிவிட்டுக் கத்தியை நிறுத்தினாள்.

"பழைய நேரமா புது நேரமான்னு கேக்குதா அது?"

"அதெல்லாம் கேக்காது."

"பின்ன எப்புடி? அவ பொறந்தப்ப புது நேரம்ல. பெரட்டுக்கு இருட்டுக்குள்ள டோர்ச் அடிச்சுக்கிட்டுப் போனோமே, மறந்துட்டீங்களா?"

மறந்துதான் போயிருந்தேன். அந்த வருஷங்களில் அரசாங்கம் நாடு முழுக்கக் கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னால் தள்ளி வைத்திருந்தது. விடியும் முன்பே ஆட்கள் வேலைக்குப் பெயர் கொடுக்கப் பெரட்டுக் களத்தில் வரிசையில் நிற்க வேண்டியிருந்தது. யாராவது மணி சொன்னால், பழைய நேரமா புது நேரமா என்று திருப்பிக் கேட்போம். பிறகு ஒருநாள் கடிகாரத்தைப் பழையபடி ஆக்கினார்கள். எல்லோரும் மறந்துவிட்டோம். ஜோசியரும் மறந்துவிட்டார். சிடி எங்கள் நாட்டு நேரத்துக்கும் உலகப் பொது நேரத்துக்கும் எப்போதும் ஐந்தரை மணி வித்தியாசம் என்றே வைத்திருந்தது. அவர் அதைத் தொட்டதே இல்லை.

அந்த ஐந்தரையை ஆறாக மாற்றி மறுபடி போட்டேன். லக்கினம் ஒரு கட்டம் பின்னால் போனது. எட்டில் இருந்த செவ்வாய் ஒன்பதுக்கு வந்தது. ஒன்பதில் தோஷம் கிடையாது. இவ்வளவும் எனக்குத் தெரியும். மகளுக்குப் பெயர் ஒட்டிய நாளிலிருந்து இதை விசாரித்து விசாரித்தே மனப்பாடம் ஆகியிருந்தது.

சந்தோஷம் வரும் என்று நினைத்தேன். கோபம்தான் வந்தது. அவர் வேண்டுமென்று செய்திருந்தால்கூடப் பரவாயில்லை. என் பிள்ளையின் பெயரைக் கெடுக்க அவர் ஒரு நிமிஷம் யோசிக்கக்கூட இல்லை. கோளாறு வைக்கும் யோசனையை விட்டேன். இதைவிடப் பெரிய கோளாறு அதில் ஏற்கனவே இருந்தது.

ஜோசியரை வீட்டுக்கு வரச்சொல்லிக் காட்டினேன். முதலில் சிரித்தார்.

"கிரகத்துக்கு கவர்மெண்டு டைம் தெரியுமா தம்பி?"

"கிரகத்துக்குத் தெரியாதுங்க. ஆஸ்பத்திரி கடிகாரத்துக்குத் தெரியும்."

சிரிப்பு நின்றது. ஐந்தரைக்கும் ஆறுக்கும் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "இத வெளிய சொன்னா என் பொழப்பு என்னா ஆவுறது?"

நான் தரையைப் பார்த்துக்கொண்டே, நாலு நாளாகச் சொல்லிப் பழகியதைச் சொன்னேன். "கோயில் முன்னால வச்சுதானே சொன்னீங்க. அங்கயே வந்து மாத்திச் சொல்லுங்க. அப்புறம் பெட்டிய தாரேன்."

வெள்ளிக்கிழமை பூசை முடிந்ததும் கோயில் வாசலில் கூட்டம் நின்றது. லெப்டொப்பை நானே சுமந்துபோய் ஸ்டூலில் வைத்து, பக்கத்தில் நின்றேன். என் பெண்சாதியும் மகளும் பெண்கள் பக்கம் இருந்தார்கள். அன்றைக்கு ஜாதகம் கொண்டுபோன மாஸ்டர் பையனின் அம்மாவும் வந்திருந்தார், கூடவே மருமகள். ஜோசியரின் மகள்தான். மாசமாக இருந்தாள்.

ஜோசியர் தொண்டையைச் செருமினார். "நம்ம தம்பி மக ஜாதகத்துல தோஷம் இல்லங்க. பழைய மெஷின் தண்ணி எறங்குன மெஷின், அது பிழையா காட்டிருச்சு. இப்ப புது மெஷின்ல போட்டுப் பாத்தேன். சுத்தமான ஜாதகம்."

கட்டத்தையும் திருப்பிக் காட்டினார். என் பெண்சாதி முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். பழியைச் செத்த மெஷின் மேல் போட்டுவிட்டு மனுஷன் மாலை போட்டுக்கொள்ளாத குறையாக நிற்கிறார். கூட்டத்தில் ஒருவர், "அப்ப எங்க வீட்டுப் புள்ளைங்களுதையும் புதுசுல போட்டுருவோம் சாமி" என்றார். ஆமாம் ஆமாம் என்று நாலு பேர். அவருக்கு இந்தத் தை முழுக்க வேலைதான்.

அப்போது மாஸ்டரின் அம்மா முன்னால் வந்தார்.

"அப்ப மொதல்ல எங்க மருமகளுத போடுங்க சம்பந்தி. அவளுதையும் அந்தத் தண்ணி எறங்குன மெஷின்ல தானே பாத்தீங்க?"

"அதுக்கென்ன, பெறகு பாப்போம்."

"எதுக்குப் பெறகு? பெட்டி இங்கன தானே இருக்கு. மத்தவுக புள்ளைன்னா உடனே, சொந்தப் புள்ளைன்னா பெறகா?"

சிரிப்பு எழுந்தது. ஜோசியர் தட்ட ஆரம்பித்தார். திரை அவருக்கும் எனக்கும் மட்டுமே தெரிந்தது. நான் வைத்த ஆறு அப்படியே இருந்தது. கட்டம் வந்தது. ஏழில் செவ்வாய். ஆறில் இருந்தது ஏழுக்கு வந்துவிட்டது. அவருடைய கணக்குப்படியே பெரிய தோஷம்.

அந்தக் குளிரிலும் அவர் நெற்றி வேர்த்தது. விரல் மெதுவாக நேரம் போட்ட இடத்துக்குப் போனது. ஆறை அழித்து ஐந்தரை ஆக்கினார். மறுபடி போட்டார். செவ்வாய் ஆறுக்குத் திரும்பியது. அதன் பிறகு லெப்டொப்பைக் கூட்டத்தின் பக்கம் திருப்பினார். "பாருங்க. சுத்தம்."

மாஸ்டரின் அம்மா திரையைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார். "ஏன் தம்பி, நீங்க தானே இத சரி பண்ணுனது? இப்ப காட்டுறது சரி தானா?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். என் வாய்ச் சொல்லுக்காக இத்தனை பேர் காத்து நின்றது அதுவரை இல்லை. அவர் நேரத்தை மாத்திட்டாருங்க என்று சொன்னால் போதும். ஜோசியரின் மகள் வயிற்றில் கை வைத்தபடி நின்றாள். அவளுக்கு ஒன்றும் தெரியாது, ஆனால் அப்பாவின் நெற்றியைப் பார்த்துவிட்டிருந்தாள். என் மகளைத் தேடினேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. தன் கூடப் படித்தவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வை எனக்குத் தெரியும். லயத்தில் செய்தி பரவிய அன்று வாசலில் நின்று அப்படித்தான் பார்த்தாள்.

"சரியா தாங்க காட்டுது" என்றேன்.

இதை இரக்கம் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். அந்தப் பெண்ணுக்காகப் பாதிதான். மீதியை என் மனசு அந்த நிமிஷமே கணக்குப் போட்டுவிட்டது. சொல்லியிருந்தால் அன்றைக்கு ஒரு சண்டை, நாலு நாள் பேச்சு, அதோடு முடிந்துபோயிருக்கும். சொல்லாததால் முடியவில்லை. நான் பார்த்தேன் என்பது அவருக்குத் தெரியும். வாய் பேசாத ஆள் என்று என்னை நினைத்திருந்தவர், இப்போது என் வாயை நினைத்தே பயப்படுகிறார். பஸ்ஸில் என்னைக் கண்டால் எழுந்து இடம் தருகிறார். சிடி நின்றுபோனால் வேறு யாரிடமும் கொண்டுபோவதில்லை, என்னிடமே வருகிறார். கை வேலை கொஞ்சம்தான் இருக்கும். ஆனாலும் வெளி வாங்குப் பலகையில் உட்கார வைப்பேன். எப்போது முடியும் என்று கேட்பதில்லை.

என் மகளுக்கு வலப்பனைப் பக்கம் சம்பந்தம் அமைந்தது. வந்தவர்கள் வழக்கம்போல் மேல் டிவிஷனுக்குப் போய் விசாரித்தார்கள். இதைவிட நல்ல ஜாதகம் கிடையாது என்று ஜோசியர் சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னாராம். முகூர்த்தமும் அவரே குறித்துக் கொடுத்தார். கல்யாணத்தன்று மகளையும் மருமகனையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்த என் பெண்சாதி, ஜோசியருக்குத் தாம்பூலம் கொடுக்கச் சொல்லி என்னை அனுப்பினாள்.

தட்டை நீட்டினேன். அவர் இரண்டு கையாலும் பிடித்தார். நான் விடவில்லை. நிமிர்ந்து, அவர் கண்ணைப் பார்த்தேன். நான் யார் முகத்தையும் அவ்வளவு நேரம் பார்த்தவன் இல்லை. அவரும் தட்டை இழுக்கவில்லை. நான் விடும்வரை அப்படியே நின்றார்.