பத்தியத்தில் கிடைக்காத தண்ணீர்

பிள்ளை பெற்று வந்த எனக்கு வீட்டில் தண்ணீர் கொடுக்கவில்லை. இதைச் சொன்னால் மலேசியாவில் எங்கள் பாடாங் செராய் ஊரில் பாதிப் பேர், "அதென்ன அதிசயமா?" என்பார்கள். பிரசவம் ஆனவள் தண்ணீர் குடித்தால் வயிறு தொங்கிவிடுமாம், குழந்தைக்குச் சளி பிடிக்குமாம். ரப்பர் தோட்டத்தை விட்டுத் தாமான் குடியிருப்பு வீட்டுக்குக் குடிவந்தபோது இந்தச் சட்டத்தையும் பத்திரமாகக் கட்டி எடுத்து வந்துவிட்டோம்.

கர்ப்பமாக இருந்தபோதே சிறுநீரகத்தில் கிருமி தொற்றி ஆஸ்பத்திரியில் கிடந்தவள் நான். "பிரசவத்துக்குப் பிறகும் நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டும்" என்று டாக்டர் சொன்னபோது கணவரும் மாமியாரும் நன்றாகத்தான் தலையாட்டினார்கள். வீட்டுக்கு வந்ததும் காலையில் ஒரு சின்ன டம்ளர் ஓமத்தண்ணீர், சாயங்காலம் ஒன்று. பூண்டும் மிளகும் போட்ட பத்தியக் குழம்பு மட்டும் தாராளம்.

டாக்டர் சொன்னதை நினைவூட்டி மாமியாரிடம் கேட்டுப் பார்த்தேன், கிடைக்கவில்லை. தாகம் தாங்காமல் குளியலறைக் குழாயில் வாய் வைத்துக் குடித்தேன். மாமியார் கண்டுபிடித்துவிட்டார்.

"ஏம்மா இப்படி திருட்டுத்தனமா குடிக்கிறே? வயிறு பானை மாதிரி ஆனா நல்லாவா இருக்கும்?"

அதன்பிறகு நான் குளிக்கப் போனால் அவர் கதவருகே நின்றார். என் வீட்டிலேயே நான் தண்ணீர்த் திருடி.

வீடு வீடாக வந்து தாய்மாரைப் பார்க்கும் மலாய்க்கார நர்ஸ் மிஸ்ஸி வந்து, தண்ணீர் குடிக்கிறாயா என்று கேட்டார். "பாஞாக் மினும், மிஸ்ஸி" என்று மாமியார் முந்திக்கொண்டார். நிறையக் குடிக்கிறேனாம்! இல்லவே இல்லை என்று நான் சொன்னேன். மிஸ்ஸி அவரைக் கடிந்துகொண்டார். மாமியார் சிரித்த முகத்தோடு வழியனுப்பிவிட்டுக் கேட்டைச் சாத்தினார்.

"அவங்களுக்கு நம்ம பத்தியம் என்னா தெரியும் லா?"

டம்ளர் பெரிதாகவில்லை.

பிறகு குளிர் காய்ச்சல் வந்தது. முதுகில் ஒரு பக்கம் பிடுங்கி எடுத்தது. பால் கட்டிய காய்ச்சல் என்று மாமியார் ஒத்தடம் கொடுத்தார்.

"இது கிட்னிதாங்க. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க" என்று கணவரிடம் கெஞ்சினேன்.

"தீட்டு கழியாம வெளிய போகக்கூடாதுன்னு அம்மா சொல்றாங்களே."

ஃபேக்டரியில் மிஷின் சத்தம் கொஞ்சம் மாறினாலே ஓடிப்போய் நிறுத்துகிற மனிதர் அவர். பெண்டாட்டி பல் கிட்டி நடுங்குவது மட்டும் அவர் காதில் ஏறவில்லை. பிள்ளைக்குப் பால் கொடுத்தபடியே நான் மயங்கிச் சரிந்த பிறகுதான் கார் கிளம்பியது. கிருமி ரத்தத்தில் கலந்திருந்தது. உயிர் பிழைத்தேன். ஒரு சிறுநீரகம் கெட்டுவிட்டது. இன்னொரு பிள்ளை வேண்டுமென்றால் நன்றாக யோசியுங்கள் என்று டாக்டர் சொன்னார்.

இப்போது நாத்தனார் பிரசவமாகித் தாய்வீட்டுக்கு வந்திருக்கிறாள். அவள் கட்டிலருகே பெரிய பாட்டில் நிறையத் தண்ணீர். மாமியாரே ஊற்றிக் கொடுக்கிறார்.

"நல்லா குடிம்மா. அண்ணி மாதிரி கிட்னி கெட்டுறப் போவுது."

என் முன்னாலேயே சொன்னார். நாத்தனார் மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை, அவள் வயிறு குளிரக் குடிக்கட்டும். ஆனால் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"எனக்கு ஏன் அத்தை கொடுக்கல?"

"அப்ப யாருக்கும்மா தெரியும்?"

"எனக்குத் தெரியும். உங்ககிட்ட கேட்டேன்."

அவர் மகளின் பாட்டிலை எடுத்துக்கொண்டு நிரப்பப் போனார்.