அது வெளியே வரும்வரை

சாலைக் கடைத்தெருவில் நான் வேலை பார்த்த தேநீர்க்கடைக்கு மேலே ஒரு பெரியவர் தனியாக இருந்தார். மெலிந்த ஆள். சட்டைப்பையில் எப்போதும் ஒரு பூதக்கண்ணாடி இருக்கும். அவருடைய கடல்மீன் தொட்டியில், கண் சரியாகத் தெரியாத ஓர் இறால் வளை தோண்டும். கோபி என்ற வகைச் சிறு மீன் ஒன்று வளை வாசலில் காவல் நிற்கும். மீசையால் மீனைத் தொட்டபடிதான் இறால் வெளியே வரும்.

தேநீர் கொடுக்கப் போன அன்று தொட்டிக்குள் டப்பென்று சத்தம்.

“சாரே, கண்ணாடி விரியுது!”

“பேடிக்காதடே, இறால் கொடுக்கைச் சொடுக்குது.”

பிறகொரு நாள் மீன் துள்ளி வெளியே விழுந்து செத்தது. இறால் வளையை விட்டு வரவேயில்லை.

“வேற மீன் விடலாமே சாரே?”

“விட்டாச்சு. இது அதை நம்பணும்லா?”

முதலாளி ஏசுவாரே என்று எழுந்தேன்.

“அது வெளிய வர்ற வரைக்கும் இரிடே.”

உட்கார்ந்தேன். சற்று நேரத்தில் மீசை நீண்டு புது மீனைத் தொட்டது. அவரும் பார்த்திருப்பார். ஆனாலும் நான் எழவில்லை; அவரும் போகச் சொல்லவில்லை.