மக்ரூன் மூக்கு கோணாமல் சுடுவது எப்படி?

பொம்மைத் துப்பாக்கித் தொழிலில் குண்டு பட்டு யாரும் சாவதில்லை. சத்தம்தான் முதலாளியைக் கொல்லும். வாடகைக் கட்டடத்தில், பக்கத்துச் சுவரோடு மல்லுக்கட்டிப் பிழைக்கும் மாவுமில்காரர்களே, லேத் பட்டறைக்காரர்களே, நாதஸ்வரம் கற்றுக்கொடுப்பவர்களே, என் பாடு உங்களுக்குப் புரியும்.

சிங்கப்பூரில் பல வருஷம் இருந்துவிட்டு ஊர் திரும்பியவன், சும்மா இருக்கத் தெரியாமல் தூத்துக்குடியில் ஒரு பழைய உப்புக் கிடங்கைப் பிடித்து ஏர்சாஃப்ட் விளையாட்டுக் கூடம் ஆரம்பித்தேன். பேட்டரியில் ஓடும் துப்பாக்கி, பட்டாணியைவிடச் சிறிய பிளாஸ்டிக் குண்டு, முகத்துக்கு மூடி. குண்டு பட்டவர் தானே கையைத் தூக்கி வெளியே வந்துவிட வேண்டும். இந்த ஆட்டம் முழுக்க மனசாட்சியை நம்பி நடப்பது என்று விளம்பரத்திலேயே போட்டிருந்தேன். சேமிப்பெல்லாம் அதில்தான் போட்டிருந்தேன்.

சுவருக்கு அந்தப் பக்கம்

கிடங்கின் சொந்தக்காரர் தங்கராஜ் அண்ணாச்சி. சுவருக்கு அந்தப் பக்கம் அவருடைய மக்ரூன் அடுப்பு. முட்டை வெள்ளையையும் சீனியையும் நுரைக்க அடித்து, முந்திரித்தூள் சேர்த்து, காகிதக் கூம்பில் நிரப்பித் தட்டில் பிழிவார்கள். பிழிந்து கையை எடுக்கிற அந்த நொடியில் உச்சியில் ஒரு கூர்மூக்கு எழும்பும். தூத்துக்குடி மக்ரூனுக்கு அந்த மூக்குதான் அழகு.

பிழிகிறவர் ராயப்பன். இங்கே ஒருவன் விசையை அழுத்தினால், அங்கே அவர் திடுக்கிட்டுக் கை இழுக்க, ஒரு வரிசை மூக்கு கோணிவிடும். ஒருநாள் அண்ணாச்சி ஒரு தட்டைத் தூக்கிக்கொண்டு நேரே என் மேஜைக்கு வந்தார். மக்ரூன்கள் எல்லாம் ஒரே திசையில் தலைசாய்ந்து கிடந்தன.

"தம்பி, கிறிஸ்துமஸ் ஆர்டர் வரதுக்குள்ள ஒண்ணு ஒம்ம துப்பாக்கி வாயப் பொத்தணும், இல்ல நீரு எடத்தக் காலி பண்ணணும். மூக்கறுந்த மக்ரூன எவன்வே வாங்குவான்?"

கப்பல் வைத்தியம்

துப்பாக்கியைப் பிரித்துப் பார்த்ததில் ஒன்று தெளிவாயிற்று. சத்தம் குழாயில் இல்லை, வயிற்றில். மோட்டார் பல்சக்கரங்களைச் சுற்றுகிறது, சக்கரம் பிஸ்டனைப் பின்னுக்கு இழுத்து விடுகிறது, ஸ்பிரிங் அதை முன்னே தள்ளி அறைகிறது. சக்கரங்கள் உரசுவது ஒரு இரைச்சல், பிஸ்டன் அறைவது இன்னொன்று. மனிதர்களும் பெரும்பாலும் இப்படித்தான் என்று யோசித்துக்கொண்டு ஒரு மாலை முழுக்க வீணாக்கினேன்.

பராமரிப்புக்கு வைத்திருந்த செல்வின் அப்படி யோசிக்கிற ஆள் இல்லை. கப்பல் இன்ஜின் அறையில் வேலைபார்த்தவன். "உரசுதுன்னா கிரீஸ் போடணும்ணே, அவ்வளவுதான்" என்று, நங்கூரச் சங்கிலி சுற்றும் இயந்திரத்துக்குப் பூசுகிற கறுப்புக் கிரீஸை எல்லாத் துப்பாக்கிகளுக்குள்ளும் திணித்துவிட்டான். மறுநாள் விசையை அழுத்தினால் மோட்டார் முனகி நின்றது. குழாய் வழியாக ஒரு துளி கிரீஸ் மட்டும் எட்டிப்பார்த்தது. நான் தலையில் கைவைத்து உட்கார்ந்தேன். செல்வினுக்கோ முகமெல்லாம் வெற்றி.

"சத்தம் கொறையணும்னுதானண்ணே சொன்னிய? இப்ப கேட்டுப் பாருங்க, பொட்டுச் சத்தம் இருக்கா?"

ஒற்றைச் செருப்பு

கிரீஸை வழித்தெடுக்கவே நாள் ஓடியது. பிறகு சக்கரங்கள் ஆடாமல் இருக்கக் காகிதம்போல் மெல்லிய வாஷர்களைப் போட்டோம். மோட்டார் சக்கரத்தோடு சரியாகப் பொருந்த, கைப்பிடிக்கு அடியிலுள்ள திருகாணியைக் கால் சுற்று, அரைச் சுற்று என்று காது வைத்துத் திருகினோம். இரைச்சல் அடங்கிற்று. அறைகிற சத்தம் மட்டும் அடங்கவில்லை. பிஸ்டன் மோதுமிடத்தில் மெத்தென்று ஏதாவது வேண்டும்.

வீட்டுக் குளியலறை வாசலில் ஒரு ரப்பர் செருப்பு என்னைப் பார்த்தது. குதிகாலில் ஒரு வட்டம் வெட்டி ஒட்டினேன். காற்று போக நடுவில் ஓட்டை போட மறந்ததால் முதல் குண்டு குழாயிலேயே தங்கிவிட்டது. ஓட்டை போட்டேன். 'டக்' என்றிருந்தது 'தொப்' என்றாயிற்று! மற்றத் துப்பாக்கிகளுக்கான வட்டங்களையும் அதே செருப்பில் வெட்டிக்கொண்டேன். என் மனைவி ஜெபா குளித்துவிட்டு வந்து, காலை நுழைத்து, ஒரு பக்கமாகச் சாய்ந்தாள்.

"துப்பாக்கிக்கு நோவக் கூடாதுன்னு ஒண்ண வெட்டிட்டிய. நான் நொண்டக் கூடாதுன்னா அடுத்ததையும் வெட்டிக் குடுங்க."

மரியாதையான சாவு

துப்பாக்கிகள் இப்போது பிரசங்கத்தின் நடுவே இருமலை அடக்கும் சபைக்காரர்போல் சுட்டன. ராயப்பனின் மூக்குகள் நிமிர்ந்தன. நான் நிம்மதியாக இருந்தது ஒரு ஞாயிறு மத்தியானம்வரைதான். முன்பெல்லாம் 'டர்ர்ர்' என்று கேட்டதுமே, பட்டதோ படவில்லையோ, பாதிப் பேர் பயத்தில் கையைத் தூக்கிவிடுவார்கள். அதைத்தான் நான் மனசாட்சி என்று நினைத்திருக்கிறேன். சத்தம் போனதும் ஒருவனும் சாகவில்லை. "பட்டுச்சுலே!" "எங்க பட்டுச்சு, காட்டு!" என்று சண்டைதான் நடந்தது.

துறைமுகத்தில் சரக்கு அனுப்பும் கம்பெனியிலிருந்து ஞாயிறுதோறும் வரும் பையன்கள் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். சுடுகிறவன் வாயாலேயே சத்தம் போடுவது. கிடங்கின் தகரக் கூரை அதிர்ந்தது. நான் கையெடுத்துக் கும்பிட்டேன். அவர்களின் தலைவன் முகமூடியைத் தூக்கி, வருத்தத்தோடு விளக்கினான்.

"சத்தமே இல்லாமச் சுட்டா கொசு கடிச்ச மாதிரி இருக்கு சார். சாவுக்கும் ஒரு மரியாத வேண்டாமா?"

பூட்டோடு வந்தவர்

மறுநாள் காலை, கூடத்தில் ஆட்டம் எதுவும் இல்லாத நேரம், தங்கராஜ் அண்ணாச்சி வந்தார். கையில் புதுப் பூட்டு. கிறிஸ்துமஸ் ஆர்டர் வந்துவிட்டதாம். "ஒரு தட்டு பூரா நேத்து போச்சு தம்பி. ஒம்ம துப்பாக்கி அடங்காது." "துப்பாக்கி அடங்கிட்டு அண்ணாச்சி, ஆளுதான் அடங்கல. நீங்களே சுட்டுப் பாருங்க" என்று ஒன்றை நீட்டினேன்.

பூட்டை மேஜையில் வைத்துவிட்டு, தூரத்தில் இருந்த பெயின்ட் டப்பாவைப் பார்த்துச் சுட்டார். தொப். துப்பாக்கியைத் திருப்பிப் பார்த்தார். மறுபடி தொப். மூன்றாவது தடவை ஒரு கண்ணை மூடினார்; முழங்காலை மடித்தார்; வாய் தானாகத் திறந்தது. "டுப்டுப்டுப்டுப்... டமார்!"

காகிதக் கூம்பும் கையுமாக ராயப்பன் ஓடிவந்தார். "எந்த மூதி கத்துனது? ஒரு வரிச பூரா கோணிட்டு அண்ணாச்சி!" அண்ணாச்சி மெதுவாகப் பூட்டை எடுத்து வேட்டி மடிப்புக்குள் செருகினார்.

"எவன் கத்துனா ஒனக்கென்னலே? போயி கோணுனத ஒடச்சுப் பொட்டலம் போடு, இனி ஞாயித்துக்கெழம ஆட்டம் நடக்கயில பிழியாத... தம்பி, இதுல குண்டு இன்னும் கெடக்கா?"

கிறிஸ்துமஸ் போய்விட்டது, கூடம் இருக்கிறது. துப்பாக்கியின் வாயை அடைக்க ஒரு செருப்பு போதும், அதைப் பிடிக்கிறவன் வாயை அடைக்க இன்னும் எந்தக் கடையிலும் சாமான் வரவில்லை.