படம் இருந்த இடம்

பெரம்பலூரில் பிளெக்ஸ் போர்டு அடிக்கும் கடை ஒன்றில் பானுப்ரியாவுக்கு டிசைன் வேலை. அங்கே காலி இடம் விடுவது பெருங்குற்றம். காதுகுத்து போர்டில் ஒரு பங்காளி முகம் விட்டுப்போனால் போதும், பந்தியில் இலை பறக்கும். "இந்த மூலை சும்மாதான கெடக்கு, மச்சான் படத்தைப் போடுங்க" என்பார்கள். போடுவாள். வீட்டுக்குப் போனதும் குணமே மாறிவிடும். இலக்கியப் பதிப்பகம் ஒன்றுக்குப் புத்தக அட்டை செய்யும்போது அதிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டே போவாள். எதை எடுத்தால் அட்டை செத்துப்போகும் என்று பார்ப்பதில் அவளுக்கு அப்படியொரு ஆசை.

இந்த முறை காசிநாதன் குறுக்கே நின்றார். அரியலூரில் சிமெண்ட் லாரி ஓட்டியவர். இறந்துபோன மனைவியைப் பற்றி முதல் நாவல் எழுதியிருக்கிறார். பானு அனுப்பிய அட்டை எதுவும் அவருக்குப் பிடிக்கவில்லை.

"அவரு ஒத்துக்கிட்டா இனிமே எங்க அட்டை எல்லாம் உங்களுக்குத்தான். இல்லேன்னா வேற ஆளைப் பாக்கணும்மா" என்று பதிப்பாளர் சொல்லிவிட்டார்.

மனுஷனுக்கு என்னதான் வேண்டும்? கோபத்தைவிட அதைத் தெரிந்துகொள்ளும் ஆவல்தான் அவளை அரியலூர் பஸ்ஸில் ஏற்றியது.

ரோட்டை ஒட்டிய வீடு. லாரி போகும்போதெல்லாம் புழுதி அழையா விருந்தாளியாக உள்ளே வந்தது.

"வேறொண்ணும் வேணாங்க. செல்வம்மா மொகம் அட்டையில இருக்கணும். நீங்க அனுப்புனதுல ஆளே இல்லையே" என்றார் காசிநாதன். சுவரில் மாட்டியிருந்த மனைவியின் படத்தைக் கழற்றி அவள் கையில் கொடுத்தார்.

பானுவின் கண் படத்துக்குப் போகவில்லை. புழுதி படிந்து சுவர் முழுக்கச் சாம்பல் நிறம். படம் இருந்த இடம் மட்டும் சுண்ணாம்பு அடித்த அன்றைக்கு இருந்தது போல வெள்ளையாக இருந்தது.

"ஐயா, அங்க பாருங்க."

அவர் பார்த்தார்.

பானு லேப்டாப்பைத் திறந்தாள். சாம்பல் நிறம், அதில் ஒரு வெள்ளைக் கட்டம், மேலே ஓர் ஆணி. வழக்கம்போல ஆணியையும் எடுத்தாள். அட்டை செத்துப்போனது. திரும்ப வைத்தாள்.

"எங்க வூட்டு செவுருதான் இது" என்றார் காசிநாதன். வெள்ளைக் கட்டத்தை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு, "இதுவே இருக்கட்டும்மா" என்றார்.

வெளியே லாரி வரும் சத்தம் கேட்டது. அவர் பதறிப்போய்க் கையை நீட்டினார்.

"படத்தைக் குடுங்க, மாட்டிடறேன். அந்த எடத்துலயும் புழுதி ஏறிடப் போவுது."