கிராணி ஐயாவுக்கு நான் செய்துகொடுத்த பெட்டி

போன வாரம் என் கைப்பேசியில் சார்ஜ் ஏறவில்லை. சிரம்பான் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கடையில் கொடுத்துவிட்டு முக்காலியில் உட்கார்ந்திருந்தேன். கடைக்காரர் சோல்டர் கம்பியைச் சூட்டுக்கோலில் வைத்ததும் ஓர் இழை புகை எழுந்தது. பிசின் கருகுகிற அந்த வாசனை உங்களுக்குப் பழக்கமோ என்னவோ. மற்றவர்களுக்கு மல்லிகைப்பூ வாசனையில் கல்யாண நாள் ஞாபகம் வரும். எனக்கு இந்தப் புகையில் ஒரு மனிதரின் முகம் ஞாபகம் வரும், கூடவே பல்லைக் கடிக்கத் தோன்றும்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எனக்கு மறதி அதிகம். அடுப்பில் பாலை வைத்துவிட்டுத் துணி காயப்போடப் போய் எத்தனை பாத்திரத்தைக் கருக்கியிருக்கிறேன் என்று என் வீட்டுக்காரரைக் கேளுங்கள். ஆனால் யாராவது என்னை அவமானப்படுத்தினால், அன்று அவர் என்ன சட்டை போட்டிருந்தார் என்பதுவரை மறக்காது. கிராணி ஐயா அன்று வெள்ளை அரைக்கைச் சட்டை போட்டிருந்தார். பையில் இரண்டு பேனா.

எங்களுடையது லிங்கிப் பக்கத்து ரப்பர்த் தோட்டம். அப்பாவும் அம்மாவும் பால் இறக்கப் பால்மரம் வெட்டினார்கள். கிராணி என்றால் கணக்கு எழுதுபவர், பெரிய கிராணி என்றால் தோட்டத்து ஆபீஸே அவர் கையில் என்று அர்த்தம். கோயில் தலைவரும் அவர்தான், திருவிழாவில் பாடுகிற பிள்ளைகளைப் பொறுக்கி எடுப்பவரும் அவர்தான். சங்கீதத்தில் அப்படி ஒரு ஞானம் என்று பேர். கச்சேரியில் யாராவது ஒரு நூல் சுருதி தப்பினாலும் அவர் முகம் சுளித்துவிடும் என்று கங்காணிகள் பெருமையாகப் பேசிக்கொள்வார்கள்.

எனக்கு அப்போது பதினொரு வயது. திருவிழாவுக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை கோயில் மண்டபத்தில் பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள் பாடிப் பழகிக்கொண்டிருந்தோம். தொழிலாளர் வீடுகள் வரிசையாக இருக்கிற லயத்து ஜனத்தில் பாதி வேடிக்கை பார்க்க வந்திருந்தது. நடுவில் கிராணி ஐயா கையைத் தூக்கிப் பாட்டை நிறுத்தினார். ஒவ்வொரு பிள்ளையாகப் பாடச் சொல்லிக் கேட்டுக்கொண்டு வந்தார். என்னிடம் வந்தவர், நான் இரண்டு வரி பாடுவதற்குள் நிமிர்ந்துவிட்டார்.

“ஏய், எழுந்திரு. உனக்குக் காதே இல்லலா. போ, போயி பிரசாதம் மடிக்கிற எடத்துல நில்லு.”

கூட்டம் சிரித்தது. தோட்டத்தில் சிரிப்பதற்கு அதிகம் விஷயம் கிடைக்காது, கிடைத்ததை விடமாட்டார்கள். அன்று சாயங்காலமே என் பெயர் போய் ‘செவிடி’ என்ற பெயர் வந்துவிட்டது. கடையில் சீனி வாங்கப் போனால் “செவிடிக்கு ஒரு கிலோ போடு” என்பார்கள். அழுதுகொண்டு வீட்டுக்கு வந்தேன். அம்மா, “பாடாட்டி என்னடி, சோறு திங்க வாய் இருக்குல்ல” என்றாள். அது ஆறுதலா, அதட்டலா என்று இன்றுவரை தெரியவில்லை.

எனக்குப் பாட வராது என்பது உண்மைதான். என் தாலாட்டைக் கேட்டு என் மகள் ஒருநாளும் தூங்கினதில்லை, பயந்து விழித்துக்கொள்வாள். ஆனால் வாய் வேறு, காது வேறு. இதை அந்த மனிதரிடம் ஒருநாள் நிரூபிக்க வேண்டும் என்பதுதான் பதினொரு வயதிலிருந்து என் பிரார்த்தனை. சாமியிடம் படிப்புக் கேட்டதைவிட இதை அதிகம் கேட்டிருக்கிறேன்.

பதினேழு வயதில் பள்ளியில் ஐந்தாம் படிவம் முடித்து சிரம்பானுக்கு வெளியே ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் சேர்ந்தேன். விடியற்காலையில் கம்பெனி பஸ் வரும். பூதக்கண்ணாடிக்குக் கீழே பலகைகளை வைத்து, தப்பாகப் பற்றவைத்த இடங்களைச் சரிசெய்வது என் வேலை. அரிசியில் பாதி அளவு சாமான்கள். கை நடுங்கக் கூடாது, தும்மக் கூடாது. இயந்திரச் சத்தம் அதிகமுள்ள இடம் என்பதால் வருஷத்துக்கு ஒருமுறை காதுப் பரிசோதனை செய்வார்கள். ஒரு சின்ன அறைக்குள் உட்கார்ந்து, சத்தம் கேட்டதும் பொத்தானை அமுக்க வேண்டும். முதல் வருஷமே பரிசோதித்த ஆள் தாளைப் பார்த்துவிட்டு, “உங்க காது ரெண்டும் ரொம்ப நல்ல காது” என்றார். அந்தத் தாளை நகல் எடுத்து, பிறப்புப் பத்திரத்துக்கும் கல்யாணப் பத்திரத்துக்கும் நடுவில் இன்னும் வைத்திருக்கிறேன்.

கை பழகினால் சும்மா இருக்காது. வீட்டில் ரேடியோ, பிறகு ஆம்ப்ளிஃபயர், அதற்குப் பிறகு ‘டேக்’ என்கிற பெட்டி என்று செய்ய ஆரம்பித்தேன். அது என்ன என்று கேட்பீர்கள். சிடியில் இருப்பது பாட்டில்லை, வெறும் எண்கள். அந்த எண்களைத் திரும்ப ஒலியாக்கும் வேலையை சிடி பிளேயரே செய்துவிடும், ஆனால் ஏனோதானோவென்று செய்யும். அந்த வேலையை மட்டும் தனியாக ஒரு பெட்டியில் வைத்து அக்கறையாகச் செய்தால், பாடகர் பாட்டுக்கு முன்னால் மூச்சு இழுப்பதுகூடக் கேட்கும். சாமான்களைக் கோலாலம்பூர் ஜாலான் பாசார் கடைத்தெருவில் பொறுக்கினேன். முதல் பெட்டியைப் பிஸ்கட் டின்னுக்குள் கட்டினேன். வீட்டுக்காரர் அதைத் திறந்து பிஸ்கட் தேடினார்.

விஷயம் எப்படியோ பரவி, ஒருநாள் கிராணி ஐயாவே என் வீட்டு வாசலில் வந்து நின்றார். தோட்டத்து வேலையை விட்டுவிட்டு அப்போது சிரம்பானில் குடியிருந்தார்.

“நம்ம தோட்டத்துப் பொண்ணு ஒன்னு இதெல்லாம் செய்யுதுன்னு சொன்னாங்க. நீ யாரு மக?”

அப்பா பேரைச் சொன்னேன். “ஓ” என்றார். அவ்வளவுதான். என்னை எழுப்பிவிட்டதெல்லாம் அவருக்கு ஞாபகமே இல்லை. அது எனக்கு இரண்டாவது அடி.

“எனக்குக் காது ரொம்பக் கூர்மைம்மா. கடைச் சாமான் சரிப்படாது. நீ நல்லா பாத்துச் செய்.”

செய்தேன். என் வாழ்நாளில் அப்படி ஒரு வேலை செய்ததில்லை. முதலில் ‘ம்ம்ம்’ என்று ஓர் இரைச்சல் இருந்தது, என் வீட்டில் வேறு யாருக்கும் கேட்கவில்லை. மின்மாற்றியைக் கொஞ்சம் திருப்பி வைத்து, எர்த் கம்பிகளையெல்லாம் ஒரே புள்ளியில் சேர்த்ததும் போய்விட்டது. ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு கச்சேரி சிடியைப் போட்டுக் கேட்டேன். நிஜ மேடையில் நமக்குத் தெரிகிற மாதிரியே மிருதங்கம் இடப்பக்கம், வயலின் வலப்பக்கம், நடுவில் பாடகர். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. கொடுக்கவே மனமில்லை.

பிறகு மூடியைத் திறந்து, வெளியே போகிற இரண்டு கம்பிகளைக் கழற்றி, இடத்தை வலத்திலும் வலத்தை இடத்திலும் வைத்துப் பற்றவைத்தேன். தெரிந்தே செய்தேன். காது இருக்கிற யாருக்கும் முதல் நிமிஷத்தில் தெரிந்துவிடும். தெரிந்து கேட்டால், “அடடா, தப்பாயிடுச்சுங்க ஐயா” என்று மாற்றிக் கொடுத்துவிட்டு, வஞ்சத்தையும் அதோடு விட்டுவிடுவது என்று முடிவு செய்திருந்தேன்.

அவர் வீட்டில் மாட்டிக் கொடுத்தேன். நண்பர்கள் நாலு பேரை அழைத்திருந்தார். கண்ணை மூடிக்கொண்டு, “ஆகா, பாருங்க, வயலின் அங்க உக்காந்திருக்கு” என்று வலப்பக்கம் கையை நீட்டினார். வயலின் இடப்பக்கம் இழைந்துகொண்டிருந்தது. நண்பர்களும் வலப்பக்கம் பார்த்துத் தலையாட்டினார்கள். எனக்குச் சிரிப்பை அடக்கி வயிறு வலித்தது. நடந்து வெளியே வரும்போது ஒரு சாண் உயர்ந்திருந்தேன்.

அன்றே உண்மையைப் போட்டு உடைத்திருக்கலாம். ஆனால் நாலு பேர் போதாது என்று எனக்குப் பேராசை. பழைய தோட்டத்து ஆட்களெல்லாம் கூடுகிற ஒரு கல்யாணத்திலோ திருவிழாவிலோ அவர் முன்னால் நின்று சொல்ல வேண்டும் என்று தள்ளிப்போட்டேன். ஒவ்வொரு தடவையும் கூட்டம் போன தடவையைவிடச் சின்னதாக இருந்தது. இருபது வருஷம் ஓடிவிட்டது.

போன வாரம் கடையில் கைப்பேசியை வாங்கிக்கொண்டு நான் வீட்டுக்குப் போகவில்லை. காரைச் செண்டாயானுக்கு விட்டேன். அங்கே புதுக் குடியிருப்பில் மகன் வீட்டில் கிராணி ஐயா இருக்கிறார், எண்பது தாண்டிவிட்டது. மருமகள் பால் இல்லாத தே ஓ கலக்க உள்ளே போனதும் ஆரம்பித்தேன்.

“ஐயா, நான் செஞ்ச பெட்டி இருக்கா?”

“அது எங்க இப்ப. மவன் பழைய சாமான்காரன்கிட்ட போட்டுட்டான்.”

“அதுல நான் இடதையும் வலதையும் மாத்தி வச்சேன். வேணும்னேதான் வச்சேன். இந்தப் பக்கம் வந்த வயலினுக்கு நீங்க அந்தப் பக்கம் கை காட்டுனீங்க.”

முகம் தொங்கிப்போகும் என்று காத்திருந்தேன். அவர் சமையலறைப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு, என்னிடம் குனிந்தார்.

“எனக்கு இந்த இடது காது கேக்காதும்மா. ஏழு வயசுல சீழ் வச்சுப் போச்சு. ஒத்தக் காதுக்கு எது இடம், எது வலம்? தெரிஞ்சிருந்தா வெள்ளக்காரன் வேல குடுத்திருப்பானா? செத்துப்போன என் பொண்டாட்டிக்கே தெரியாது.”

“அப்பறம் எதுக்கு வீட்டுல ரெண்டு ஸ்பீக்கர்?”

“ரெண்டு ஸ்பீக்கர் வச்சிருக்கிறவன யாரு சந்தேகப்படுவா?”

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ஊர் கூடி நிற்க எனக்குச் செவிடி என்று பேர் வாங்கிக் கொடுத்தவர், பாதிச் செவிடர். “அன்னைக்குக் கோயில்ல என்னைய எந்தக் காதுல கேட்டு எழுப்பிவிட்டீங்க?” என்றேன். குரல் எனக்கே புதிதாக இருந்தது.

“எந்தக் கோயில்ல?” என்றார். விவரமாகச் சொன்னேன். யோசித்தார். “அப்படி ஒன்னு நடந்துச்சா? சரி விடு, மனசுல வச்சுக்காத. நான் சொன்னத மட்டும் வெளிய யார்கிட்டயும் சொல்லிடாத, என்ன?”

“சரிங்க ஐயா” என்றேன். பழக்கதோஷம், வாய் தானாகச் சொல்லிவிட்டது.

அங்கிருந்து நேரே தோட்டத்துக்குப் போனேன். எல்லோரிடமும் சொல்லிவிட வேண்டும் என்று அப்படி ஓர் ஆத்திரம். லயம் இருந்த இடத்தில் ஒரே மாதிரி மாடி வீடுகள், வாசலுக்கு வாசல் இரும்புக் கதவு. கோயிலைப் பெயர்த்து வேறெங்கோ கொண்டுபோய்விட்டார்கள். அன்று சிரித்தவர்களில் பாதிப் பேர் இல்லை, மீதிப் பேர் கிள்ளானிலும் ஜொகூரிலும் யார் வீட்டிலோ இருக்கிறார்கள். என்னைச் செவிடி என்று கூப்பிட இந்த உலகத்தில் ஓர் ஆள் மிச்சமில்லை. அது பொய் என்று சொன்னால் புரிந்துகொள்ளவும் ஆளில்லை. காருக்குள்ளேயே உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதேன்.

அதனால்தான் பத்திரிகைக்கு எழுதி உங்களிடம் சொல்கிறேன். அவர் இன்னும் திடமாகத்தான் இருக்கிறார். ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகையைக் கண்ணாடி போடாமலேயே ஒரு வரி விடாமல் படிப்பாராம், மருமகள் சொன்னார்.