ஏஞ்சலின் டீச்சரின் கூட்டல்

பத்தாம் வகுப்பு வாசலில் மஞ்சள் துணிப்பையை விரித்துப் பிடித்தபடி நிற்பார் ஏஞ்சலின் டீச்சர். கால்குலேட்டரை அதில் போட்டுவிட்டுத்தான் பிள்ளைகள் உள்ளே போக வேண்டும். அப்பா நிலக்கரி மைன்ஸில் பர்மனென்ட் வேலை என்றால் பிள்ளையிடம் ஒன்று நிச்சயம் இருக்கும்.

"பரீட்சை ஹாலுக்கு இத்த எடுத்துகினு போவ வுடுவாங்களா? கையால போடு."

இருபத்தாறு வருடமாக நெய்வேலியில் கணக்குச் சொல்லிக்கொடுத்தும் நெல்லிக்குப்பத்துப் பேச்சு அவரை விடவில்லை. கூட்டும்போது உதடு அசையும். கட்டைவிரல் மற்ற விரல்களின் கணுக்களில் ஏறி இறங்கும். இரண்டு பிரிவுக்கும் சேர்த்து நூற்றுநான்கு விடைத்தாள்கள். குவார்ட்டர்ஸ் சமையலறை மேசையில் முதுகு வலிக்க உட்கார்ந்து அத்தனையையும் மனசாலேயே கூட்டுவார்.

"மெஷின்ல தட்டுனா அரை மணியில முடிஞ்சிடும்" என்பார் ஷிப்டுக்குக் கிளம்பும் கணவர் கிளமென்ட்.

"புள்ளைங்ககிட்ட புடுங்கிட்டு நான் தட்டவா?"

இரண்டாயிரத்து இரண்டு ஜனவரியில், அரையாண்டுத் தேர்வு முடிந்தபின், பிரபாவதி நான்கு நாளாக வரவில்லை. பக்கத்து ஊரான வடக்குத்திலிருந்து நடந்து வரும் பெண். அவள் தோழிதான் சொன்னாள்: "கணக்குல ஃபெயிலுன்னு அவங்கப்பா நிறுத்திட்டாருங்க டீச்சர்."

அப்பாவின் கையெழுத்தோடு திரும்பி வந்திருந்த அவளுடைய விடைத்தாளை டீச்சர் தேடி எடுத்தார். மேலே இருபத்தொன்பது என்று போட்டிருந்தது. மறுபடி கூட்டினார். முப்பத்தொன்பது. இன்னொரு முறை கூட்டியபோது பாதியில் எண் நழுவியது. வகுப்பு காலியாக இருந்தது. மஞ்சள் பைக்குள் கையை விட்டு ஒரு கால்குலேட்டரை எடுத்தார். எந்தப் பொத்தானை அழுத்தினால் அது விழிக்கும் என்று தெரியச் சற்று நேரமாயிற்று. முப்பத்தொன்பது. தேர்ச்சிக்கு முப்பத்தைந்து போதும். கூட்டும்போது ஒரு பத்தை அடுத்த இடத்துக்கு ஏற்ற மறந்திருக்கிறார்.

சாயங்காலம் வடக்குத்துக்குப் போனபோது பிரபாவதியின் அப்பா பழனிவேல் அப்போதுதான் மைன்ஸில் காண்ட்ராக்ட் வேலை முடிந்து வந்து, முகத்துக் கரியைக் கழுவிக்கொண்டிருந்தார். பதறி நாற்காலி எடுத்துப் போட்டார்.

"உங்க பொண்ணு ஃபெயில் இல்லீங்க. நான்தான் தப்பா கூட்டிட்டேன்."

"நீங்களா?" அவர் நம்பவில்லை. "பொண்ணு மேல பாவப்பட்டு சொல்றீங்க டீச்சர். வர்ற திங்கக்கெழம அவள துணிக்கடையில சேக்கறதா பேசி முடிச்சிட்டேன்."

டீச்சர் விடைத்தாளை விரித்து ஒவ்வொரு மதிப்பெண்ணாகத் தொட்டுக் கூட்டிக் காட்டினார்.  பழனிவேலும் கூடவே விரல்விட்டுக் கூட்டிப் பார்த்தார். "அப்ப நாளைக்கே அனுப்பறேங்க" என்றார்.

கதவோரம் நின்ற பிரபாவதி மெதுவாகச் சொன்னாள்: "நானும் மூணு வாட்டி கூட்டிப் பாத்தேன் டீச்சர். முப்பத்தொம்போதுதான் வந்துச்சி."

"ஏன்டி சொல்லல?"

"நீங்க கூட்டுனா சரியாத்தான் இருக்கும்னு..."

டீச்சர் விடைத்தாளை அவள் பக்கம் திருப்பி, மேலே இருந்த இருபத்தொன்பதைத் தொட்டுக் காட்டினார். கைப்பையிலிருந்து சிவப்புப் பேனாவை எடுத்து, மூடியைக் கழற்றி, அவளிடம் நீட்டினார்.